மனப்பாடம் மட்டும் போதாத ஒரு சரித்திரப் பரீட்சை

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் 2009-ல் இங்கே மெக்கானிக்கல் முடித்தவன். இப்போது அமெரிக்காவில் நியூ ஜெர்ஸியில் வேலை. மேடையில் ஒரு மெக்கானிக்கல்காரன் ஏறினால் பம்பு, டர்பைன் என்று ஆரம்பிப்பான் என்று நீங்கள் எதிர்பார்ப்பீர்கள். அதெல்லாம் உங்களுக்கு வகுப்பிலேயே திகட்டத் திகட்டக் கிடைக்கிறது. நான் பேச வந்தது ஒரு சரித்திரப் பரீட்சையைப் பற்றி. அமெரிக்க உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகள் எழுதுகிற உலக வரலாற்றுப் பரீட்சை. அதற்கு என் அக்கா மகளையும் அவள் தோழிகள் மூன்று பேரையும் ஒரு வருஷம் சனிக்கிழமை தவறாமல் உட்கார வைத்துத் தயார் செய்தேன். அந்த வருஷத்தில் நான் தெரிந்துகொண்டது, இங்கே இருக்கும் என்ஜினீயரிங் மாணவர்களுக்கும் உதவும் என்று தோன்றியது. வெளிநாட்டில் பிள்ளை வளர்க்கும் நம் நண்பர்களுக்கோ நேரடியாகவே உதவும்.

முதலில் பரீட்சை என்னவென்று சொல்லிவிடுகிறேன். அங்கே அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட் என்று ஒரு திட்டம். சுருக்கமாக ஏ.பி. என்பார்கள். பள்ளியில் படிக்கும்போதே கல்லூரித் தரத்தில் ஒரு பாடத்தைப் படித்து, மே மாதத்தில் நாடு முழுக்க ஒரே பரீட்சை. நடத்துவது காலேஜ் போர்டு என்ற அமைப்பு. ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண். மூன்றோ அதற்கு மேலோ வாங்கினால் பல கல்லூரிகள் அந்தப் பாடத்தைப் படித்ததாகவே கணக்கில் எடுத்துக்கொள்ளும். கல்லூரிக்குக் கல்லூரி விதி மாறும். சில இடங்களில் நாலு, ஐந்து கேட்பார்கள்.

இதில் உலக வரலாறு 2002-லிருந்து இருக்கிறது. ஆதியில் கற்காலத்திலிருந்து பாடம் இருந்தது. 2018-ல் அதைச் சுருக்கி 1450-லிருந்து ஆரம்பிக்கிறோம் என்று அறிவித்தார்கள். ஆசிரியர்கள் விடவில்லை. 1450-ல் ஆரம்பித்தால் ஐரோப்பியர் கப்பலேறிய கதைதான் உலகக் கதை என்று ஆகிவிடும், அதற்கு முன்பே ஆசியாவும் ஆப்பிரிக்காவும் இருந்தனவே என்று கேட்டார்கள். அந்த எதிர்ப்புக்குப் பிறகு 1200 என்று மாற்றினார்கள். இப்போது 1200-லிருந்து நம் காலம் வரை ஒன்பது பகுதிகள். ஒரு பாடத்தை எந்த வருஷத்தில் தொடங்குகிறோம் என்பதே ஒரு கருத்துதான் என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

பரீட்சை மூன்றே கால் மணி நேரம். 55 நிமிஷத்தில் 55 கேள்விகள், நாலு விடையில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது. இதற்கு 40 சதவீதம். பிறகு 40 நிமிஷத்தில் மூன்று குறுவிடைகள், 20 சதவீதம். பிறகு ஆவணக் கேள்வி என்று ஒன்று. ஏழு ஆவணங்களைக் கொடுத்து, அவற்றை வைத்து ஒரு கட்டுரை எழுதச் சொல்வார்கள். படிக்கவும் எழுதவும் சேர்த்து ஒரு மணி நேரம், 25 சதவீதம். கடைசியாக 40 நிமிஷத்தில் ஒரு நீண்ட கட்டுரை, 15 சதவீதம். 2025-லிருந்து எல்லாமே கம்ப்யூட்டரில்தான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். எழுதும் பகுதிக்கு மட்டும் 60 சதவீதம். மீதி 40-லும், "பானிபட் போர் எந்த ஆண்டு?" என்ற மாதிரிக் கேள்வி கிடையாது. ஒரு கடிதத்தின் பகுதியோ, வரைபடமோ, ஓவியமோ கொடுத்து அதன்மேல் மூன்று நாலு கேள்விகள். அதாவது மனப்பாடம் செய்தவனுக்கு வாசல் வரைக்கும்தான் அனுமதி. உள்ளே போக வேறு சாவி வேண்டும்.

அந்தச் சாவி என்ன என்பது என் அக்கா மகளுக்கு அக்டோபர் மாதத்தில் தெரிய வந்தது. பள்ளியில் மாதிரி ஆவணக் கேள்வி எழுதினாள். ஏழுக்கு இரண்டு. அழுது முகம் வீங்கி உட்கார்ந்திருந்தாள். "மாமா, நான் எழுதினது எல்லாமே கரெக்ட். ஒரு தப்புகூட இல்ல. ஏன் ரெண்டு?" என்றாள். வாங்கிப் பார்த்தேன். உண்மைதான், ஒரு தகவலும் தப்பில்லை. ஆவணம் ஒன்று இதைச் சொல்கிறது, ஆவணம் இரண்டு இதைச் சொல்கிறது என்று ஏழையும் வரிசையாகச் சுருக்கி எழுதியிருந்தாள். ஓரத்தில் ஆசிரியை ஒரே வரி எழுதியிருந்தார்: "தகவல் இருக்கிறது. உன் வாதம் எங்கே?" பாடத்தையே விட்டுவிடப் போகிறேன் என்றாள். அக்காவும், "விட்டுட்டுப் போகட்டும்டா, கணக்குல கவனம் வெச்சாப் போதும்" என்றாள். ஒரு மாதம் பொறுங்கள் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன்.

அந்த ஏழு மதிப்பெண்ணை எப்படிப் பிரித்திருக்கிறார்கள் என்று நாங்கள் முதலில் படித்தோம். மறுக்க இடமுள்ள ஒரு கருத்தைத் தெளிவாகச் சொன்னால் ஒன்று. அந்தக் காலத்தின் பின்னணியை விளக்கினால் ஒன்று. நாலு ஆவணங்களையாவது உன் கருத்துக்கு ஆதாரமாகப் பயன்படுத்தினால் இரண்டு. ஆவணத்துக்கு வெளியே நீ படித்த ஒரு சான்றைக் கொண்டுவந்தால் ஒன்று. இரண்டு ஆவணங்களிலாவது, இதை எழுதியவர் யார், யாருக்கு எழுதினார், எந்தச் சூழ்நிலையில், என்ன நோக்கத்தில் என்று பார்த்து, அது உன் வாதத்துக்கு ஏன் முக்கியம் என்று விளக்கினால் ஒன்று. எதிர்ச் சான்றையும் எடைபோட்டுச் சிக்கலைப் புரிந்துகொண்டு எழுதினால் இன்னொன்று. ஆக மொத்தம் ஏழு. இந்தப் பட்டியல் ரகசியம் இல்லை. பழைய கேள்விகள், மதிப்பெண் போடும் விதி, மாணவர்கள் எழுதிய மாதிரி விடைகள் எல்லாவற்றையும் காலேஜ் போர்டே இலவசமாக வெளியிடுகிறது. பணம் கொடுத்து வாங்கும் கைடுகளுக்கு முன்னால் இதைப் படியுங்கள் என்பதுதான் பெற்றோருக்கு என் முதல் ஆலோசனை.

இந்தப் பட்டியலில் பிள்ளைகளுக்குப் புரியவே புரியாதது ஆவணத்தைச் சந்தேகிக்கும் அந்த நாலு கேள்விகள்தான். யார், யாருக்கு, எப்போது, எதற்கு? புத்தகத்தில் அச்சாகி இருந்தால் உண்மைதானே என்றுதான் அவர்கள் நினைக்கிறார்கள். அதை உடைக்க எனக்கு ஒரு கல் கைகொடுத்தது.

இலங்கையில் காலி நகரத்தில் 1911-ல் ஓர் என்ஜினீயர் கண்ணில் பட்ட கல் அது. எழுத்துள்ள பக்கத்தைக் கவிழ்த்து ஒரு கல்வெர்ட்டில் போட்டிருந்தார்கள். கல்வெர்ட்டில் கிடைத்த கல்வெட்டு! இப்போது கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சீனப் பேரரசரின் கடற்படைத் தளபதி செங் ஹோ 1405-லிருந்து 1433 வரை ஏழு முறை இந்தியப் பெருங்கடலுக்குப் படை நடத்தி வந்தார் அல்லவா, அவர் கொண்டுவந்து நட்டது. 1409-ம் ஆண்டு தேதியிட்டது. ஒரே கல்லில் மூன்று மொழிகள்: சீனம், தமிழ், பாரசீகம்.

பிள்ளைகளிடம் கேட்டேன்: "ஒரே செய்தியை மூணு மொழியில எழுதியிருப்பாங்களா?" "ஆமாம்" என்றார்கள் நாலு பேரும். இல்லை. சீன மொழிப் பகுதி புத்தரைத் துதிக்கிறது. தமிழ்ப் பகுதி, தெற்கு முனையில் கோவில் கொண்டிருந்த திருமாலான தேனாவரை நாயனாரைத் துதிக்கிறது. பாரசீகப் பகுதி அல்லாஹ்வைப் போற்றுகிறது. கொடுத்த காணிக்கைகளின் பட்டியலோ, பொன், வெள்ளி, பட்டு, எண்ணெய் என்று ஏறக்குறைய ஒரே மாதிரி. பேரரசர் ஒருவர், துறைமுகம் ஒன்று, தெய்வங்கள் மூன்று. ஏன்?

ஐந்து நிமிஷம் யாரும் பேசவில்லை. பிறகு என் அக்கா மகள்தான் சொன்னாள்: "மாமா, அந்தப் போர்ட்ல மூணு விதமான ஆளுங்க வியாபாரம் பண்ணியிருக்காங்க. அவர் மூணு பேரையும் ஃப்ரெண்ட் ஆக்கிக்கப் பார்க்கிறார்." அவ்வளவுதான்! யார், யாருக்கு, எப்போது, எதற்கு என்பது அவளுக்கு வந்துவிட்டது. அந்தக் கல்லில் சொல்லியிருப்பதைவிட, யாரை நோக்கிச் சொன்னார்கள் என்பது 1400-களின் இந்தியப் பெருங்கடலைப் பற்றி அதிகம் சொல்கிறது. தமிழ் அந்தக் கடலில் ஒரு வியாபார மொழியாக இருந்தது என்பதையும் அந்தப் பெண் அன்றைக்குத்தான் கண்டுகொண்டாள். வீட்டில் அம்மா திட்டுவதற்கு மட்டும் உள்ள மொழி என்று அதுவரை நினைத்திருந்தாள் போலிருக்கிறது.

அடுத்தது, கருத்து. இதற்கு நம் துறையிலிருந்தே ஒரு கேள்வி தயார் செய்தேன். "1750 முதல் 1900 வரை நீராவி எந்திரம் உலக வியாபாரத்தை எந்த அளவுக்கு மாற்றியது?" அந்தப் பரீட்சையில் கட்டுரைக் கேள்விகள் இப்படித்தான் வரும். "மாற்றியதா" என்று கேட்பதில்லை. "எந்த அளவுக்கு" என்று கேட்பார்கள். ஒரு பெண் எழுதினாள்: "நீராவி எந்திரம் உலக வியாபாரத்தை மிகவும் மாற்றியது." நான் கேட்டேன், "இதை யாராவது மறுப்பாங்களா?" "மாட்டாங்க." "யாரும் மறுக்க முடியாததைச் சொல்றதுக்கு நீ எதுக்கு?"

மூன்று வாரம் முட்டி மோதி அவர்கள் கொண்டுவந்த வடிவம் இது: நீராவிக் கப்பலும் 1869-ல் திறந்த சூயஸ் கால்வாயும் சேர்ந்து ஐரோப்பாவுக்கும் ஆசியாவுக்கும் இடையே பயண நாட்களைக் குறைத்தன, சரக்கைப் பெருக்கின, ஆனால் எந்த நாடு பஞ்சு விற்கும், எந்த நாடு துணி விற்கும் என்பதைத் தீர்மானித்ததில் எந்திரத்தைப் போலவே ஆட்சி அதிகாரத்துக்கும் பங்கு உண்டு.

இது கருத்து. இதை ஒருவர் மறுக்கலாம். ஆகவே இதற்குச் சான்று வேண்டும். துணி ஏற்றுமதி செய்துவந்த இந்தியா பஞ்சை ஏற்றுமதி செய்யும் நாடானது ஒரு சான்று. எகிப்தில் முகமது அலி சொந்தமாக ஆலைகள் அமைக்கப் பார்த்தபோது, 1838-ல் பிரிட்டன் ஒட்டோமான் அரசோடு போட்ட வர்த்தக ஒப்பந்தம் அந்த ஆலைகளுக்கு இருந்த பாதுகாப்பைப் பறித்தது இன்னொரு சான்று. பிறகு எதிர்ப்பக்கமும் பார்க்க வேண்டும். 1868-க்குப் பிறகு ஜப்பான் யாருக்கும் அடிமையாகாமல் அதே எந்திரங்களை வாங்கி நூற்பாலை நடத்தியதே, அது உன் கருத்துக்குச் சாதகமா, பாதகமா? சாதகம்தான் என்றாள் என் அக்கா மகள். அரசு தன் கையில் இருந்ததால்தான் எந்திரமும் தன் கையில் இருந்தது என்று வாதாடினாள். சிக்கலைப் புரிந்துகொண்டதற்கு என்று ஒரு மதிப்பெண் வைத்திருக்கிறார்களே, அது இதற்குத்தான்.

தம்பிகளே, நாம் நீராவி எந்திரத்தை எப்படிப் படித்தோம்? 1712-ல் நியூகோமன், 1769-ல் ஜேம்ஸ் வாட் வாங்கிய தனிக் கண்டென்சர் காப்புரிமை, எஃபிஷியன்ஸி கணக்கு, முடிந்தது. நியூகோமன் எந்திரம் ஏன் நிலக்கரிச் சுரங்க வாசலில் போய் நின்றது? சுரங்கத்தில் தண்ணீர் ஊறியது, இறைக்க வேண்டியிருந்தது, கரி அங்கேயே மலிவாகக் கிடந்தது. எஃபிஷியன்ஸி குறைவாக இருந்தும் அது பிழைத்த காரணம் அதுதான். இதை எனக்கு ஒரு பதினைந்து வயதுப் பெண் சொல்லிக் கொடுத்தாள்.

இனி, ஒரு வருஷத்தை எப்படிப் பங்கு போட்டோம் என்று சொல்கிறேன். பெற்றோர்கள் குறித்துக்கொள்ளலாம்.

செப்டம்பரிலிருந்து ஜனவரி வரை பாடத்தோடு கூடவே போனோம். ஒவ்வொரு பகுதிக்கும் ஒரே ஒரு தாள். அதில் தேதிகள் பத்துக்கு மேல் கூடாது. தேதிகளைத் தனித்தனியாக உருப்போடாமல் சங்கிலியாகக் கோர்க்க வேண்டும். உதாரணத்துக்கு வெள்ளி. 1545-ல் இன்றைய பொலிவியாவில் பொட்டோசி மலையில் வெள்ளி கிடைக்கிறது. அந்த ஊர்ப் பூர்வகுடிகளைக் கட்டாய வேலைக்கு இழுத்துத் தோண்டுகிறார்கள். 1571-ல் ஸ்பெயின்காரர்கள் மணிலாவைப் பிடிக்கிறார்கள். சீனாவில் மிங் அரசு வரியை வெள்ளியாகக் கேட்கிறது. ஆகவே வெள்ளி பசிபிக்கைக் கடந்து சீனா போகிறது. பட்டும் பீங்கானும் திரும்பி வருகின்றன. இரண்டு தேதிதான், ஆனால் நாலு கண்டங்கள் அதில் கட்டுண்டு கிடக்கின்றன. நம் வீட்டுக் குழம்பில் மிளகாய் விழுந்ததும் இந்தக் காலத்துக் கடல் வழிகளால்தான். அமெரிக்கக் கண்டத்துக் காய்க்கு நாம் மிளகை வைத்துப் பேர் வைத்துக்கொண்டோம்.

பிப்ரவரி, மார்ச்சில் வாரம் ஒரு கட்டுரை, கடிகாரம் வைத்து. முழுக் கட்டுரை எழுத நேரமில்லாத வாரத்தில் கருத்து வாக்கியம் மட்டும் ஐந்து கேள்விக்கு எழுதச் சொன்னேன். எழுதியதைப் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் மாற்றிக்கொண்டு, அதிகாரபூர்வமான விதிப்படி மதிப்பெண் போட்டுக்கொண்டார்கள். அடுத்தவர் தாளைத் திருத்தும்போது வருகிற புத்தி, தன் தாளை எழுதும்போது வருவதில்லை. இதை எத்தனை பேருக்கு வேண்டுமானாலும் சிபாரிசு செய்வேன்.

ஏப்ரலில் கம்ப்யூட்டரில் முழுப் பரீட்சை இரண்டு முறை. இனி தட்டச்சு வேகமும் தேவை. ஆவணங்கள் திரையில் வருவதால், பக்கத்தில் தாள் வைத்து ஏழு ஆவணத்துக்கும் ஏழு வரி குறித்துக்கொண்டு, எது எந்தப் பக்கம் என்று பிரித்த பிறகே எழுத ஆரம்பிக்க வேண்டும். முதல் பதினைந்து நிமிஷம் விரல் கீபோர்டில் படக்கூடாது என்று கண்டிப்பு. தப்பான விடைக்கு மதிப்பெண் கழிப்பதில்லை. ஆகவே ஒரு கேள்வியையும் விடக்கூடாது.

2025 மே மாதம் எழுதினார்கள். ஜூலையில் முடிவு வந்தது. மூன்றுக்குக் குறைந்து யாரும் வாங்கவில்லை. என் அக்கா மகளுக்கு நாலு. ஐந்து கிடைக்கவில்லையே என்று அவளுக்கு வருத்தம். எனக்கு இல்லை. ஏனென்றால் வேறொரு மாற்றத்தை நான் பார்த்தேன்.

நம் எல்லாருடைய செல்போனிலும் தினமும் ஒரு சரித்திரம் வந்து விழுகிறது. உலகத்திலேயே முதன்முதலில் இதைக் கண்டுபிடித்தவர் நம்மவர், அதை மறைத்துவிட்டார்கள் என்று. எழுதியவர் பேர் இருக்காது. வருஷம் இருக்காது. குடும்பக் குழுவில் அப்படி ஒன்றை நான் ரசித்துப் போட்டபோது, அந்தப் பெண் கீழே கேட்டாள்: "மாமா, யார் எழுதினது? எப்போ? யாருக்காக?" எனக்கு ஒரு பக்கம் சிரிப்பு, ஒரு பக்கம் பெருமை. நம்மை இகழ்கிற செய்தியை நாம் தானாகவே சோதிப்போம். நம்மைப் புகழ்கிற செய்தியைச் சோதிக்கத்தான் பயிற்சி வேண்டும். காலிக் கல்வெட்டு இருக்கும்போது பொய்ப் பெருமை நமக்கு எதற்கு?

இன்றைய மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. நீங்கள் யாரும் இந்தப் பரீட்சையை எழுதப் போவதில்லை. ஆனால் வேலைக்குப் போன முதல் வருஷமே ஒரு பாய்லர் நிற்கும், ஒரு ஷாஃப்ட் முறியும். மேஜைமேல் ஏழு காகிதங்கள் வந்து விழும். ஆபரேட்டர் எழுதிய லாக் புக், சப்ளையர் கொடுத்த சான்றிதழ், மெயின்டனன்ஸ்காரர் அறிக்கை, இப்படி. ஏழும் ஒன்றுக்கொன்று முரணாக இருக்கும். ஒவ்வொருவரும் யாருக்காக, எதைக் காப்பாற்றிக்கொள்ள எழுதினார்கள் என்று பார்க்கத் தெரிய வேண்டும். பிறகு, "காரணம் இதுதான், சான்று இவை, மாறாக உள்ளது இது, இருந்தும் என் முடிவு இது" என்று ஒரு பக்கத்தில் எழுதத் தெரிய வேண்டும். ஏழையும் சுருக்கி எழுதிக் கொடுத்தால் அங்கேயும் ஏழுக்கு இரண்டுதான். அதைத் திருத்திக் கொடுக்க ஆசிரியை இருக்கமாட்டார். அந்த எந்திரத்துக்குப் பக்கத்தில் நின்று வேலை செய்கிறவர் உயிரோடு விளையாடுகிற காரியம் அது.

ஆகவே நம் நூலகத்தில் சரித்திரப் புத்தகங்கள் இருக்கும் அலமாரி எங்கே என்று நாளைக்கே தேடிப் பாருங்கள். மாதம் ஒரு புத்தகம் எடுங்கள். நாலு பேர் சேர்ந்து படித்துவிட்டு, ஆளுக்கொரு கருத்தை வைத்துச் சண்டை போடுங்கள். சான்றோடு சண்டை போடுங்கள்.